மழைக்கு நாலு டயர்

"ஹலோ... ஹலோ... மதுரையா? ... சீனி முகம்மதண்ணே கடைதான? ... அண்ணே, நான் கமுதியிலருந்து... கமுதி, கமுதி! பருத்தி மண்டி... ஆமா... ஆமா, பூமயில்தான் பேசுறேன்... நல்லாருக்கோம்ணே. மதினி சொகமா? ... இங்கனயும் மழைதான், விடிஞ்சதுலருந்து விட்டபாடு இல்ல... என்னது? ... கத்தித்தாண்ணே பேசுறேன். இதுக்கு மேல கத்துனா போனே வேணாம், நேராவே மதுரைக்குக் கேட்டுரும்."

பூமயில் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கணவனுடைய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சேதுராமன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, மத்தியானமே மதுரைக்கு ட்ரங்க் கால் சொல்லிவைத்து, கார்த்திகைத் திருநாளுக்காக வீட்டு முன்கட்டு மண்டி அடைத்துக் கிடந்த சாயங்காலத்தில் திருடியைப் போலக் காத்திருந்து பிடித்த லைன் அது. துணைக்கு இருந்தவர் கூத்தையா ஒருவர்தான். மண்டியில் பருத்தி எடை போடுகிறவர். இன்றைக்கு எடை இல்லாததால் தரையில் உட்கார்ந்து அகல் விளக்குகளுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு காரியமா கூப்புட்டேன். டயர் வேணும்... லாரிக்கு இல்லண்ணே, காருக்கு... ஆமா... ஆமா, அந்தச் செவப்புச் சனியனுக்குத்தான்."

திருநாளும் அதுவுமாக இந்த வார்த்தையா என்பதுபோலக் கூத்தையா நிமிர்ந்து பார்த்தார். பூமயில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். அதில் ஒருவர் ஓட்டுகிறவர், இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு சாமியை நினைக்கிறவர் என்று பூமயில் சொல்லுவாள். கமுதியிலிருந்து பரமக்குடிக்கு மாட்டு வண்டிக்காரர்கள் போய்ச்சேர முழுப் பொழுது ஆகும். சேதுராமன் இங்கே வெற்றிலை போட்டால் அங்கே போய்த்தான் துப்புவார். மற்றபடி பொறுமையான மனிதர். பருத்தி விலை சரிந்தாலும் சத்தம் போட மாட்டார். அந்த வண்டியில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் யாரோ துரத்துவதுபோல ஆகிவிடுவார்.

"கேளுங்கண்ணே, போன வாரம் என்னாச்சு தெரியுமா? பார்த்திபனூர்ப் பாலத்துக்கிட்ட மழைத்தண்ணி நின்னுருக்கு. இவுக பாட்டுக்கு வந்துருக்காக. வண்டி ரெண்டு சுத்துச் சுத்தி, வந்த வழியவே பாத்து நின்னுருச்சாம்... ஆமா, மூஞ்சி பின்னாலயாத் திரும்பி... ஒரு கீறல் இல்ல. குலசாமி புண்ணியம்... எங்கிட்ட எப்பிடிச் சொன்னாக தெரியுமா? வண்டிக்கே திரும்பிப் போகணும்னு தோணிருச்சு பூமயிலுன்னு. சொல்லிட்டுச் சிரிக்கிறாக. எனக்கு அன்னிக்கு ராத்திரி ஒரு வா சோறு எறங்கல... ம்... ம்... அதான், அதான். டயரத்தான் நானும் பாத்தேன். வழுவழுன்னு, குழவிக்கல்லு மாதிரி இருக்கு."

"...தேஞ்சு போச்சான்னா? தேஞ்சது பாதி, வாங்கயிலேயே அப்பிடி இருந்தது மீதி. மெட்ராசுல பந்தயம் விடுறவுக போடுற டயராம். வெயில்ல தாரப் பிடிச்சுக்கிட்டு ஓடுமாம்... ஆமா, வெயில்ல... அதத்தாண்ணே நானும் கேக்குறேன், மழையில?"

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. கூத்தையா காதில் விழாமலிருக்க அல்ல. சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்துக்குக் கேட்டுவிடக் கூடாதென்றுதான்.

"அவுக வாங்குற இங்கிலீசுப் பொஸ்தகத்துல படம் பாத்தேன்ணே. சீமையில பனிக்காலம் வந்துட்டா வண்டிக்கெல்லாம் டயர மாத்திருவாகளாமே. வெயிலுக்கு ஒண்ணு, பனிக்கு ஒண்ணுன்னு... ஆமா, வீலோட சேத்து மாத்திருவாகளாம். நமக்கு எங்க பனி பேயுது, மழைதான. மழைக்குன்னு அப்பிடி டயர் இருக்கா? ... இருக்கா! ... இருக்குல்ல? அப்பாடா... அவுகளுக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சா விடுவாகளா? டயர மாத்துனா வேகம் கொறையும்பாக. கொறையட்டும்னுதான் மாத்துறேன்."

மழை ஓட்டுக் கூரையில் பலமாக இறங்கியது. அஞ்சு மணி வெளிச்சம் ஆறு மணி வெளிச்சம்போல இருண்டு கிடந்தது. பூமயில் காலை மடக்கி உட்காரப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் ஏதோ இரும்புச் சாமான் காலில் இடித்தது. குனிந்து பார்க்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

"சொல்லுங்கண்ணே, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... பழைய டயர் மேலயே ரப்பர் ஒட்டுறதா? எங்க லாரிக்கு ஒட்டித் தந்தீகளே, அதா? ... லாரிக்குச் சரி... ம்... வேகத்துல தோலு உரிஞ்ச மாதிரி வந்துருமா? ... அய்யய்யே, வேணாம், வேணாம். அந்தப் பேச்சையே விடுங்க... ஜீப்பு டயரா? கட்டை கட்டையா இருக்குமே... சேத்துக்குத்தான் லாயக்கா... ஈரத் தார் ரோட்டுல அதுவும் வழுக்குமா? அப்ப அதும் வேணாம்... ம்... ம்... நெளிநெளியா வெட்டு... சீப்புப் பல்லு கணக்கா, பொடிப்பொடியா... ஆமா... தண்ணி அந்தச் சந்துல பூந்து வெளிய ஓடிருமா? ... இது நல்லாருக்குண்ணே. இதுதான். இத எடுத்து வைங்க."

"அகலம் கம்மியாவா? ஏண்ணே, அகலமா இருந்தாத்தான நல்லாப் பிடிக்கும்? ... ம்... தண்ணி மேல ஏறி மெதக்குமா! காரா? ... ஓகோ... ஒடுக்கமா இருந்தா தண்ணிய வெட்டிக்கிட்டுப் போயித் தாருல உக்காரும். அருவாமணை மாதிரின்னு சொல்லுங்க... ஆமா ஆமா, புரியுது. சரி, ஒடுக்கமாவே குடுங்க."

அவளுக்கு முகம் தெளிந்துகொண்டே வந்தது. இத்தனை நாள் நெஞ்சுக்குள் முடிச்சாகக் கிடந்தது, இன்ன வெட்டு, இன்ன அகலம் என்று பேசப் பேச அவிழ்ந்தது. சேலைக்குக் கரை தேர்ந்தெடுக்கிற மாதிரிதானே இதுவும் என்று ஒரு தெம்புகூட வந்துவிட்டது.

"வீலுமா மாத்தணும்? ... வீலு நல்லாத்தான இருக்கு. கம்பி கம்பியா சைக்கிள் சக்கரம் மாதிரி. ஞாயித்துக்கிழமையானா எலுமிச்சம்பழத்தப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருப்பாக. என் மொகத்தக்கூட அப்பிடிப் பாத்ததில்ல... ஆமா, கம்பி வீலுதான்... உப்புக் காத்தா? ... ஆமா, கடக்கரைப் பக்கம் அடிக்கடி போவாகதான்... உள்ள துருப் பிடிக்குமா? வெளிய பளபளன்னு... ரிம்முக்கு உள்பக்கமா... ம்... அந்தத் துரு கம்பித் தலையே டியூப்பக் குத்திருமா? ... அடப்பாவி. அப்ப வீலும்தான் மாத்தணும்... தகட்டு வீலு எப்பிடி இருக்கும்? ... நம்ம டாக்டரு காருல, சோத்துத் தட்டக் கவுத்த மாதிரி, அதா? ... அய்யோ, பாத்தா அழுதுருவாக... அழட்டும்ணே. அழுதா நான் தொடச்சு விட்டுக்கிறேன்."

கூத்தையா சிரித்துவிட்டார். பூமயிலுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அந்த அறையில் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

"ரெண்டு மட்டும் மாத்துனாப் பத்தாதா? ... நாலும் ஒரே சாதியா இருக்கணுமா... முன்னால பிடிச்சு, பின்னால வழுக்குனா சுத்திருமா? ... சரி, சரி. நாலுந்தான். வீலு நாலு, டயர் நாலு... மாட்டி விடுறதுக்கு ஆளு? ... வியாழக்கெழம மண்டி லாரி மதுரைக்கு வரும்ணே, அதுல ஏத்தி விட்டுருங்க. அவுக சந்தைக்குப் போன நேரமாப் பாத்து மாட்டிப்புடணும்... இப்பயா? இப்ப ஊர்ல இல்ல. அதான் தைரியமாப் பேசுறேன். நாத்தனாருக்குக் கார்த்திகைச் சீர் கொண்டு போயிருக்காக... ஆமா, செவ்வந்தி. உப்பூர்ப் பக்கம் குடுத்திருக்குல்ல, அவதான். மாப்பிள்ளைக்கு அங்கன உப்பளம்... வருசா வருசம் அண்ணன்தான் நேருல கொண்டுபோயிக் குடுக்கணும். ஆளு கையில குடுத்துவிட்டா மொகத்தத் தூக்கிக்கிருவா... விடியவே போயிட்டாக. வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருவாக. வந்தே ஆகணும்ல!"

அந்தக் கதை தெருவுக்கே தெரியும். போன கார்த்திகைக்கு மனிதர் நேரம் கழித்து வந்தார். அவர் வந்து நிற்காமல் முதல் விளக்கை ஏற்ற மாட்டேன் என்று பூமயில் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். தெரு முழுக்கச் சுடர் விட, பருத்தி மண்டிக்காரர் வீடு மட்டும் இருட்டிக் கிடந்தது. பார்த்தவர்கள் சாவு விழுந்த துட்டி வீடோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சொல் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த வருஷம் காலையில் வண்டி கிளம்பும்போது, "வெளக்கு நேரத்துக்கு நீங்க வரலேன்னா இந்த வருசமும் வீடு இருட்டுத்தான், சொல்லிப்புட்டேன்" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பியிருந்தாள். "பறந்து வாரேன் தாயி" என்றுவிட்டுப் போனார்.

"காத்தா? எம்புட்டு வைப்பாகன்னா... அதெல்லாம் அவுகதான்ணே, எனக்கென்ன தெரியும்... மழைக்கு ரெண்டு பவுண்டு கூட வைக்கணுமா? சரி, சொல்லிர்றேன்... கொறைய வச்சா? ... மடங்குமா? என்னது மடங்கும்? ... டயர் பக்கவாட்டுல... ம்... ம்... தண்ணிய வெட்டாது... திருப்பத்துல ரிம்ம விட்டே கழண்டு... அய்யோ, அதெல்லாம் சொல்லாதீகண்ணே. காத்து விசயத்துல அவுக ரொம்பக் கறாரு. மானி வச்சுத்தான் அடிப்பாக. எறக்குறதுன்னா செவ்வந்தி ஊருக்குப் போறப்ப மட்டுந்தான்."

"...ஆமாண்ணே, எறக்கித்தான் ஆகணும். உப்பூர் ரோட்ட விட்டுக் கெழக்க திரும்புனா உப்பளம் வரைக்கும் பூராம் மணலு. முழுக் காத்தோட போனா சக்கரம் பொதைஞ்சுரும். உப்பு லாரிக்காரனுக அத்தன பேரும் ஒரு ஒட மரத்தடியில நின்னு, பாதிக் காத்தப் பிடுங்கிட்டுத்தான் உள்ள போவானுக. அவனுக திருப்பி அடிக்கிறதுகூட இல்ல. ரயிலடி வரைக்கும் ஆமை மாதிரிப் போறவனுகளுக்கு அது போதும்... இவுக அப்பிடி இல்ல. வாரப்ப அதே மரத்தடியில வண்டிய நிப்பாட்டி, காத்தடிச்சுட்டுத்தான் தார் ரோட்டுல ஏறுவாக. கால்ல மிதிச்சு அடிக்கிற பம்பு ஒண்ணு வச்சிருக்காக. எந்நேரமும் டிக்கியிலயே கெடக்கும்..."

பூமயில் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கினாள்.

மெல்லக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். சற்றுமுன் காலால் தள்ளிவிட்ட அந்த இரும்புச் சாமான் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் ரப்பர்க் குழாய் தரையில் நீண்டு, கூத்தையா வரிசையாக வைத்திருந்த அகல்கள் வரைக்கும் போயிருந்தது.

காலையில் அவள்தான் எடுத்தாள். அந்த வண்டியின் டிக்கி பொன்னகைப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதற்குள் அரிசி, வெல்லம், பொரிக் கூடை, பித்தளைக் குத்துவிளக்கு, செவ்வந்திக்கு எடுத்த பட்டு எல்லாம் அடங்க வேண்டும். குத்துவிளக்கைக் குறைத்தால் அண்ணி கையை இழுத்துக்கொண்டாள் என்று செவ்வந்தி ஊரெல்லாம் சொல்லுவாள். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பம்பைப் பட்டுக்குப் பக்கத்தில் வைக்கவும் மனசு வரவில்லை. தூக்கி உள்ளே கொண்டுவந்து மேஜைக்கு அடியில் போட்டாள். அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் வாசலில் ஆரத்தித் தட்டைக் கேட்டார்கள்.

"...இருக்கேண்ணே... லைன்லதான் இருக்கேன்... அண்ணே... அண்ணே, பம்பு இங்கன கெடக்கு."

"...இங்கன, இங்கன, மண்டியில! என் காலுக்கடியில! ... நாந்தான் எடுத்துப் போட்டேன். சீர் வைக்க எடம் பத்தலன்னு... அவுகளுக்குத் தெரியாதுண்ணே. அங்கன போயித்தான் தேடியிருப்பாக... இல்ல... இல்ல, மாப்பிள்ள வீட்டுல காத்தடிக்கிற பம்பு ஏது, அங்கன வண்டியே கெடையாது... லாரிக்காரனுககிட்ட? இன்னிக்கு நாளும் கெழமையுமா எந்த லாரி ஓடும்?"

கூத்தையா திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பம்பைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

"அண்ணே, மெதுவா வந்தா ஒண்ணும் ஆகாதுல்ல? ... ஆகாதுல்ல? ... ஆமா... மெதுவா வந்தா ஒண்ணுமில்ல... லாரிக்காரனுக வாரானுகளே... ஆமா... ஆமா... மெதுவா... அவுகளாண்ணே, மெதுவா? ... நாந்தான் வெளக்கு நேரத்துக்கு வரலேன்னா வீடு இருட்டும்னு சொல்லி விட்டேன். வாயி இருக்குல்ல எனக்கு, பாழாப்போன வாயி... இல்ல, அழுகலண்ணே. நீங்க சொல்லுங்க. ராமநாதபுரத்துல காத்து அடிச்சுக்கிட்டிருப்பாக, இல்ல? அங்கன பாக்கர் பாய் ஷெட்டு இருக்குதே. அவுக எப்பயும் அங்கனதான் நிப்பாக. பாக்கர் பாய்க்குக் கார்த்திகையா, தீவாளியா, ஷெட்டு தொறந்துதான இருக்கும்... என்ன? ... பாக்கர் பாயா, உங்க கடையிலயா? ... உங்க பக்கத்துலயா உக்காந்திருக்காக? ... எப்ப வந்தாக? ... காலையிலயேவா. டயர் எடுக்க வந்தாகளா..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாத்திக் கிடக்கிற ஷெட் வாசலில் சிவப்பு வண்டி ஒரு நிமிஷம் நிற்பதும், அவர் கடிகாரத்தைப் பார்ப்பதும், மேற்கே திரும்பிப் பரமக்குடி ரோட்டில் ஏறுவதும் பக்கத்தில் இருந்து பார்ப்பதுபோலத் தெரிந்தது. ராமநாதபுரம் தாண்டினால் அந்த ரோடு நேர்கோடு. வண்டியை விரட்டுவதற்கென்றே போட்டமாதிரி இருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"பரமக்குடி பெட்ரோல் பங்க்கா? ... ஆமா, போனு இருக்கு, ஆமா! அங்கன ரோட்டுல ஆள நிக்கச் சொல்லலாம்! செவப்பு வண்டி வந்தா மறிங்கன்னு சொல்லிருவேன்... ஆமா... காத்தும் அங்கனயே அடிச்சுக்கலாம்... நல்ல காலம், நல்ல காலம்ணே. இப்பவே போடுறேன். நீங்க வைங்க, நான் எக்ஸ்சேஞ்சுல... ஹலோ? ... யாரு? பூமிநாதனா? தம்பி, நல்லவேளை நீயே வந்த. எனக்கு ஒடனே பரமக்குடி வேணும். அவசரம்னு போட்டுக் குடு... என்ன?"

கமுதித் தபாலாபீசில் லைன் போட்டுக் கொடுக்கிற பூமிநாதன் குறுக்கே வந்து பேசுகிறான் என்றால், மூன்று நிமிஷம் முடிந்தது என்று சொல்லத்தான் இருக்கும். அப்படித்தான் அவளும் முதலில் நினைத்தாள்.

"...பரமக்குடியிலருந்தா? ... எனக்கா? ... இப்பவா காத்துக்கிட்டிருக்கு? ... அவுகதானய்யா? காத்து எறங்கிப்போயி நின்னுருப்பாக, அதான்... அவுகதான? ... தம்பி, அவுக கொரலு உனக்குத் தெரியாதா? தெனம் நாலு தடவ லைன் கேக்குற ஆளு... நல்லா யோசிச்சுச் சொல்லு... வேற ஆளா? ... பேரு சொல்லலையா? ... என்ன கேட்டாக? ... செவப்புக் காரு வீடான்னா?"

பூமயில் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"...இல்ல தம்பி. இப்பக் குடுக்காத. நான் மதுரை பேசிக்கிட்டிருக்கேன்ல. பேசி முடிக்கல... தெரியும்யா, அவசரம்னுதான் சொல்லுவாக. எனக்கும் அவசரந்தான். மதுரையக் குடு... எனக்கு மதுரையக் குடுன்னா குடு!"

கூத்தையா ஒரு அடி முன்னால் வந்து, "தாயி" என்றார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டாள்.

"அண்ணே... இருக்கீகளா? ... ஒண்ணுமில்லண்ணே, எக்ஸ்சேஞ்சுக்காரன் குறுக்க வந்தான்... எங்க விட்டோம்? ... ஆமா, டயர். நாலுன்னு சொன்னேன்ல, நாலு பத்தாது. ஸ்டெப்னிக்கும் சேத்து அஞ்சா வைங்க. நாலு புதுசு மாட்டி, ஸ்டெப்னி மட்டும் பழசா கெடந்தா அது என்ன கணக்கு? ... இல்லண்ணே, பரமக்குடிக்கு அப்பறம் பேசிக்கிறேன்... அப்பறம். மொதல்ல இத முடிப்போம். நெளி வெட்டுதான். சீப்புப் பல்லு... ஒடுக்கமானது... தண்ணிய வெட்டிக்கிட்டுப் போறது... வீலு தகட்டு வீலு. துருப் பிடிக்காம பெயிண்ட் அடிச்சுத் தந்துருங்க... கலரா? செவப்பு வேணாம்ணே. வெள்ள... வேணாம், வெள்ளயும் வேணாம்..."

அவள் பேசிக்கொண்டே போனாள். டயருக்கு ஆயுள் எத்தனை மழை என்று கேட்டாள். வெயில் வந்ததும் கழற்றி எங்கே வைக்க வேண்டும், நிழலிலா, படுக்கவைத்தா, நிறுத்திவைத்தா என்று கேட்டாள். அடுத்த கார்த்திகைக்கும் இதே டயர் தாங்குமா என்று கேட்டாள். நடுநடுவே பூமிநாதன் குறுக்கே வந்தான். பரமக்குடி, அவசரம் என்று அவன் சொன்னது மதுரைக்கும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் "இந்தா முடிச்சுட்டேன்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். மதுரை லைன் கையில் இருக்கிறவரைக்கும் பரமக்குடி உள்ளே வர முடியாது. வராதவரைக்கும் அவர் ரோட்டில் வந்துகொண்டிருக்கிறார். இந்தக் கணக்கு அவளுக்கு அந்த நேரத்தில் சரியாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டில் முதல் விளக்கை வைத்தார்கள். மழைக்குப் பயந்து வாசற்படிக்கு உள்ளே மாடத்தில் வைத்தார்கள்.

"...ஏண்ணே பேச மாட்டேங்கிறீக? ... அண்ணே... ஒண்ணு கேக்குறேன், சத்தியமாச் சொல்லுங்க. பாதிக் காத்துல ஓடுன டயரத் திருப்பி உபயோகிக்கலாமா, வீசிறணுமா? ... வேணாம், அதச் சொல்ல வேணாம். அஞ்சு டயர்னு எழுதிக்கங்க. எழுதிட்டீகளா? ... அண்ணே, நீங்க ஏன் அழுகுறீக? ... ஹலோ... ஹலோ... அண்ணே..."

மதுரை போய்விட்டது. பூமிநாதன் பிடுங்கிவிட்டான். அவள் ரிசீவரைத் தாங்கியில் வைத்தாள். கையை எடுப்பதற்குள் மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. கூத்தையா எடுக்கப் போனார். அவள்தான் எடுத்தாள்.

"ஹலோ... ஆமா... ஆமா, கமுதிதான்... ஆமா, செவப்புக் காருதான்... ரெண்டு பேரு உக்கார்றது... ஆமா... ஆமா, எங்களுதுதான்... பேரா?"

பதினோரு வருஷக் குடித்தனத்தில் கணவன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் சொல்லுவார்கள். கூத்தையா அதைப் புரிந்துகொண்டு, தான் சொல்லுவதாக ரிசீவருக்குக் கையை நீட்டினார். பூமயில் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"சேதுராமன்... சே-து-ரா-மன்... ஆமா... நான் அவுக வீட்டுக்காரிதான்... சரிய்யா... சரி... சரி, நீங்க யாரா வேணாலும் இருங்க. போன அவுக கையில குடுங்க... எனக்கு வேற எதுவும் சொல்ல வேணாம். பக்கத்துலதான வச்சிருக்கீக? கையில குடுங்க போதும். நான் கோவிக்க மாட்டேன். வெளக்கு இன்னும் ஏத்தல, நேரம் கெடக்கு, மெதுவா வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வச்சுர்றேன்... காது கேக்காட்டியும் பரவால்லய்யா. காதுக்கிட்ட வைங்க... அய்யா... கொஞ்சம் காதுக்கிட்ட வைங்கய்யா..."

அந்தப் பக்கத்தில் போனை வைத்துவிட்டார்கள்.